தாழ்த்திய காரில் புது அலாய்: எந்தச் சத்தத்துக்கு என்ன கோளாறு

குற்றால சீசன் தொடங்கிவிட்டால் பாளையங்கோட்டையில் இருக்கிற எங்கள் அலைன்மென்ட் கடைக்கு ஒரே மாதிரியான புகாரோடு வண்டிகள் வரும். ஸ்பிரிங் மாற்றித் தாழ்த்தியிருப்பார்கள், புது அலாய் ரிம் போட்டிருப்பார்கள். ஊருக்குள் தனியாக ஓட்டும்போது ஒரு சத்தமும் இருந்திருக்காது. வீட்டு ஆட்கள் நாலு பேர் ஏறி, டிக்கியில் மாற்றுத்துணிப் பையும் சாப்பாட்டுத் தூக்கும் வைத்துக் கிளம்பினால், பாவூர்சத்திரம் போவதற்குள் பின்பக்கம் ‘கர்ர்’ என்று அறுக்க ஆரம்பித்துவிடும். “அண்ணாச்சி, டயர் சரியில்லையோ?” என்று கேட்டுக்கொண்டே இறங்குவார்கள். பெரும்பாலும் டயரில் ஒரு குறையும் இருக்காது. ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும் அந்த வண்டியின் உயரத்துக்குப் பொருந்தியிருக்காது.

சத்தம் எப்போது வருகிறது, தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று இரண்டையும் பார்த்துவிட்டால் கோளாறு பிடிபட்டுவிடும். அதற்கு முன்னால் ஒரு கணக்கு மட்டும் கைவசம் இருக்க வேண்டும். கீழே வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

முதலில் கணக்கு

ரிம்மின் பின்பக்கம் வார்ப்பிலேயே எழுதியிருக்கும்: 16 இன்ச், 7ஜே, ஈடி 38 என்று. 16 என்பது விட்டம், 7 என்பது இன்ச் கணக்கில் அகலம். ஈடிதான் ஆஃப்செட். அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (வண்டியில் சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஈடி குறைந்தால் சக்கரம் வெளியே வரும், கூடினால் உள்ளே போகும். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அகலம் கூடும்போது இரண்டு பக்கமும் பாதிப்பாதியாக வளர்கிறது என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் பழைய ரிம் 6ஜே, ஈடி 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 இன்ச் என்றால் 152.4 மி.மீ., அதில் பாதி 76.2. இதோடு 45-ஐக் கூட்டினால் 121.2; ஹப் முகத்திலிருந்து ஷாக் (சக்கரத்துக்கு உள்பக்கம் நிற்கும் அதிர்வு தாங்கும் குழாய்) பக்கமாக ரிம் அவ்வளவு தூரம் போகிறது. 45-ஐக் கழித்தால் 31.2, மட்கார்டு பக்கம் அவ்வளவு. இப்போது 7ஜே, ஈடி 38 போடுகிறீர்கள். பாதி அகலம் 88.9. உள்பக்கம் 126.9, வெளிப்பக்கம் 50.9. ஆக ஷாக்கை நோக்கி 5.7 மி.மீ., மட்கார்டை நோக்கி 19.7 மி.மீ. நகர்ந்துவிட்டது. “ஆஃப்செட்டில் ஏழுதானே வித்தியாசம்” என்று சொல்லி வாங்கிய ரிம், வெளியே கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் வந்து நிற்கும்.

அப்படியானால் ஈடி கூடுதலாக உள்ள 7ஜே வாங்கினால் போதுமா? ஈடி 48 என்று எடுத்தால் வெளிப்பக்கம் 9.7 மி.மீ. தான் கூடும். ஆனால் உள்பக்கம் 15.7 மி.மீ. போய் ஷாக்கில் இடிக்கும். தாழ்த்திய வண்டியில் இரண்டு பக்கமும் இடம் குறைவு. ஆகவே என் யோசனை எப்போதும் அகலத்தில் அரை இன்ச் விட்டுக்கொடுங்கள் என்பதுதான். இதே வண்டிக்கு 6.5ஜே, ஈடி 43 போட்டால் வெளியே 8.4, உள்ளே 4.4 மட்டுமே கூடும். பார்வைக்கு நிறைவாக இருக்கும், பெரும்பாலான வண்டிகளில் உரசாமலும் ஓடும்.

எழுத்து அழிந்துபோன பழைய ரிம் என்றால் முகம் கீழே இருக்கும்படி கிடத்தி, பின் விளிம்பின் மேல் நேரான கட்டை ஒன்றை வையுங்கள். கட்டையிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் வரை எவ்வளவு ஆழம் என்று டேப்பில் அளக்க வேண்டும். விளிம்போடு விளிம்பு மொத்த அகலத்தில் பாதியை அதிலிருந்து கழித்தால் வருவது ஆஃப்செட். 7ஜே ரிம்முக்கு மொத்த அகலம் சுமார் 203 மி.மீ. இருக்கும். ஆழம் 140 வந்தால் ஈடி 38 என்று அர்த்தம்.

ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது ‘கர்ர்’

வண்டி மேலே ஏறும்போது சத்தம் இல்லை, இறங்கி அமுங்கும்போதுதான் வருகிறது என்றால், டயரின் வெளித் தோள் மட்கார்டின் உள் மடிப்பில் பட்டிருக்கிறது. பேட்டை வழியாகச் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று போய்ப் பாருங்கள். ஊருக்கு ஊர் வேகத்தடை உண்டு. இந்தக் கோளாறு ஒளிந்துகொள்ளவே முடியாது.

தடம் பார்ப்பதற்கு எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வசதி இருக்கிறது. திசையன்விளை தேரிப் பக்கம் ஒருமுறை போய்வந்தாலே சக்கர வளைவின் உள்பக்கம் முழுக்கச் செம்மண் தூள் மெல்லிசாகப் படிந்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லா இடமும் சிவந்திருக்க, உரசுகிற இடம் மட்டும் துடைத்து விட்டதுபோல் கருப்பாக மின்னும். விரலால் தொட்டால் வழவழவென்று இருக்கும். செம்மண் இல்லையென்றால் வெள்ளைச் சாக்பீஸைக் குழைத்து மடிப்பில் பூசிவிட்டு ஒரு தெரு சுற்றிவந்தால் போதும், டயரில் வெள்ளை ஒட்டியிருக்கும்.

தடம் மடிப்பில் மட்டும், அதுவும் ஒரு விரல் நீளத்துக்கு இருந்தால் மடிப்பை உருட்டிவிடலாம். பெயின்டை ஹீட் கன்னால் சூடாக்கிக்கொண்டு, உருளையை மெதுவாக விட்டு, உள் மடிப்பை மேல்நோக்கிச் சாய்ப்பார்கள். சூடாக்காமல் செய்தால் பெயின்ட் வெடித்து, வெடித்த இடத்தில் துரு பிடிக்கும். கூடங்குளம், உவரி மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள் உருட்டியபின் உள்பக்கம் துரு தடுக்கும் பெயின்ட் அடிக்காமல் விடக் கூடாது.

தடம் மடிப்பைத் தாண்டி மட்கார்டின் முகம் வரை வந்திருந்தால் உருட்டுவதால் பயனில்லை. ரிம் அளவுக்கு மீறி வெளியே இருக்கிறது. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், விடை அதிலேயே இருக்கும்.

தனியாகப் போனால் சரி, ஆள் ஏறினால் பின்பக்கம் உரசுகிறது

குற்றாலப் புகார் இதுதான். சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஒற்றை பீம் இருக்கிறது. பாரம் ஏறும்போது சக்கரம் சாயாமல் நேராக மேலே போகும். முன்சக்கரம் மேலே போகும்போது தலைப்பகுதி கொஞ்சம் உள்ளே சாய்ந்து மடிப்புக்கு வழி விடும். பின்சக்கரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் நிற்கும்போது இரண்டு விரல் இடைவெளி தெரிந்தாலும் ஆள் ஏறினால் உரசுகிறது.

நான் இதை என் வண்டியிலேயே அனுபவித்தேன். நாற்பது மில்லிமீட்டர் தாழ்த்திவிட்டு, நாலு சக்கரத்துக்கும் ஒரே ஈடி போட்டிருந்தேன். முன்னால் ஒரு குறையும் இல்லை. அம்மாவையும் மதினியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் போன அன்று, திரும்பிவந்து பார்த்தால் பின் டயர் இரண்டின் வெளித் தோளிலும் சுற்றிலும் ஒரு வரி அறுத்திருந்தது. நகம் உள்ளே போகிற ஆழம். இன்னும் கொஞ்சம் அறுத்திருந்தால் உள்ளே இருக்கும் நூல் தெரிந்திருக்கும். வண்டிக்குள் அத்தனை பேர் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனது பதறுகிறது. ரிம் விற்ற கடைக்காரர் “பொருந்தும்” என்று சொன்னார், நான் அளக்காமல் வாங்கினேன்.

ஆகவே சோதனையை ஆள் ஏற்றித்தான் செய்ய வேண்டும். பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, டிக்கியில் ஒரு மூட்டை அரிசியை வைத்துவிட்டு, டயரின் வெளி விளிம்பு மடிப்புக்கு உள்ளே இருக்கிறதா என்று மேலேயிருந்து பாருங்கள். உள்ளே இருந்தால் சக்கரம் எவ்வளவு மேலே போனாலும் வளைவுக்குள் நுழைந்துகொள்ளும். நேர்க்கோட்டிலோ வெளியிலோ இருந்தால் மோதும்.

மருந்து என்ன? பின்சக்கரத்துக்கு ஈடி கூடிய ரிம், இல்லையென்றால் ஒரு அளவு ஒடுங்கிய டயர். இரண்டும் முடியாது என்றால் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் உயர்த்துங்கள். ஷாக்கில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரை வெட்டி எடுத்துவிட்டால் வண்டி மெத்தென்று ஆகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சக்கரம் மட்கார்டுக்குப் போகாமல் கடைசியாகத் தடுப்பது அந்த ரப்பர்தான். பழைய ஸ்பிரிங்கையே அறுத்துத் தாழ்த்துவதும் வேண்டாம். ஜாக்கியில் தூக்கும்போதோ பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போதோ அறுத்த ஸ்பிரிங் இருப்பிடத்தை விட்டு நழுவிவிடும்.

ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது மட்டும் உரசல்

“தம்பி, இடப்பக்கம் முழுசா ஒடிங்க, அப்படியே மெதுவா பின்னால வாங்க” என்று சொல்லிவிட்டு நான் குனிந்து பார்ப்பேன். முன்சக்கரம் ஒடிக்கும்போது டயரின் முன் மூலை பம்பர் பக்க பிளாஸ்டிக் லைனரிலும், பின் மூலை கால்வைக்கும் இடத்துப் பக்க லைனரிலும் படக்கூடும். லைனரில் லேசாகப் பட்டால் பெரிய ஆபத்து இல்லை. கிளிப்பை எடுத்து லைனரைச் சூடாக்கி உள்ளே அழுத்திவிடலாம். டயரின் உள்பக்கம் பாடியின் இரும்புச் சட்டத்திலோ பிரேக் ஹோஸிலோ படுகிறது என்றால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

நேராகப் போகும்போதே ‘ஸ்ஸ்’ என்று விடாமல் சத்தம்

எனக்கு மிகவும் பயம் தருவது இது. சத்தம் சின்னதாக இருப்பதால் பாட்டு ஓடும்போது கேட்கவே கேட்காது. டயரின் உள் சுவர் ஷாக்கின் குழாயிலோ ஸ்பிரிங்கின் அடித்தட்டிலோ உரசிக்கொண்டிருக்கும். சக்கரத்தைக் கழற்றினால் ஷாக்கில் பெயின்ட் போய் வெள்ளி மாதிரி ஒரு கோடு, டயரின் உள் சுவரில் அதற்கு நேராக ஒரு வட்டம். சுவரில் வட்டம் விழுந்த டயரைத் திரும்பப் போடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் குளத்துக் களிமண்ணில் நெல்லிக்காய் அளவு உருட்டி ஷாக்கில் டயருக்கு நேராக ஒட்டிவைத்து, சக்கரத்தை மாட்டிக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால் மீதமிருக்கும் களிமண்ணின் கனம்தான் உங்கள் இடைவெளி. ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் போதாது. திருப்பத்தில் டயர் பிதுங்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் 5 மி.மீ. ஸ்பேசர் தட்டு போட்டால் தீரும் என்பார்கள், தீரவும் தீரும். ஆனால் ஸ்பேசரின் கனம் அளவுக்கு ஸ்டட்டில் (நட்டு ஏறும் மரைக் கம்பி) நட்டு பிடிக்கும் நீளம் குறையும். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை பிடித்திருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகள் பின்பற்றும் அளவு. 12 மி.மீ. ஸ்டட்டில் மரை இடைவெளி 1.5 மி.மீ. என்றால் நட்டைக் கையால் குறைந்தது எட்டுச் சுற்று சுற்ற முடிய வேண்டும், 1.25 என்றால் பத்துச் சுற்று. எண்ணிப் பாருங்கள். ஐந்தாவது சுற்றிலேயே இறுகினால் நீள ஸ்டட் மாற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

80-லிருந்து 100-க்குள் ஸ்டியரிங் நடுக்கம்

பேலன்சிங் இரண்டு தடவை பார்த்தாயிற்று, நடுக்கம் போகவில்லை என்று வருவார்கள். அலாயின் நடு ஓட்டையைப் பாருங்கள். ஸ்விஃப்ட், ஐ20 இரண்டுக்கும் ஹப் 54.1 மி.மீ., ஹோண்டா சிட்டிக்கு 56.1, போலோவுக்கு 57.1. வெளியில் வாங்கும் அலாய் பலவற்றுக்கு எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று 73.1 வரை ஓட்டை விட்டிருப்பார்கள். இடையில் ஹப் வளையம் போடாவிட்டால் சக்கரத்தை நடுவில் நிறுத்துவது நட்டு மட்டும்தான். பேலன்சிங் மேடையில் கச்சிதமாகச் சுழன்ற சக்கரம் வண்டியில் மாட்டியதும் ஒரு மயிரிழை விலகி நடுங்கும். பிளாஸ்டிக் வளையம் பிரேக் சூட்டில் இளகிவிடக்கூடும், அலுமினியம் வாங்குங்கள்.

நட்டின் வாயையும் பார்க்க வேண்டும். ஹோண்டாவின் கம்பெனி நட்டு உருண்டை வாய் கொண்டது. வெளி அலாய் பெரும்பாலும் 60 டிகிரிக் கூம்பு வாய். உருண்டையைக் கூம்பில் வைத்து இறுக்கினால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டுமே பிடிக்கும். நடுக்கம் இருக்கட்டும், சக்கரமே கழன்றுவிடும் வேலை அது.

ஸ்டியரிங் இழுக்கிறது, சாலை வரியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது

ஒரு எச்சரிக்கை. காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக் காற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டி இழுக்கிறது என்று சொல்லாதீர்கள். காற்றாலை நிற்கிற கணவாயில் எந்த வண்டியும் இழுக்கும். காற்று அடங்கிய நேரத்தில் நாங்குநேரி, வள்ளியூர் வழியாகப் போகும் நான்குவழிச் சாலையில் பாருங்கள்.

ஈடி குறைந்த ரிம்மில் சக்கரம் தன் திருப்பு அச்சிலிருந்து வெளியே தள்ளிப் போய்விடும். லாரி ஓடிக் குழிந்த தடத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்குவது அதனால்தான். ஹப் பேரிங்குக்கும் சுமை கூடும். சில மாதத்தில் ‘ம்ம்ம்’ என்று முனகத் தொடங்கலாம். அலைன்மென்ட் பார்த்தால் பாதி குறையும். ரிம் மாறாமல் முழுதும் தீராது.

டயரின் உள் ஓரம் மட்டும் தேய்கிறது

வண்டியைத் தாழ்த்தினாலே முன்சக்கரத்தின் கேம்பரும் டோவும் மாறிவிடும். கேம்பர் என்பது சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்; டோ என்பது மேலேயிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. கேம்பரைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். டயரை விரைவாகத் தின்பது டோ. டயரின் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளேயிருந்து வெளியே ஒரு தடவை, வெளியேயிருந்து உள்ளே ஒரு தடவை தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் ரம்பம் மாதிரி பிடித்தால் டோ கெட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் வழுக்கி, உள் ஓரம் மட்டும் மொட்டையாக இருந்தால் கேம்பர். டோவைச் சரிசெய்தால் ஒன்றரை டிகிரி வரை உள் சாய்வோடு டயர் நன்றாகவே ஓடும். அதற்கு மேல் போனால் கேம்பர் போல்ட் போடுங்கள். புது ஸ்பிரிங் போட்ட அன்றே அலைன்மென்ட் பார்த்துவிட்டு மறந்துவிடாதீர்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் அமர்ந்தபின் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

ரிம் நெளிகிறது, டயரில் வீக்கம்

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வரும் புகார். 185/65 ஆர்15 என்றால் டயரின் அகலம் 185 மி.மீ., சுவர் அதில் 65 சதவீதம், ரிம் 15 இன்ச்; ஆக சுவர் 120 மி.மீ. உயரம். 195/55 ஆர்16-க்கு 107. 205/45 ஆர்17-க்கு 92 தான். பள்ளத்தில் விழும்போது ரிம்மைக் காப்பது அந்தச் சுவரும் உள்ளே இருக்கும் காற்றும். தாழ்த்திய வண்டியில் ஸ்பிரிங்கின் பயணமும் குறைந்திருப்பதால் மீதி அடியெல்லாம் ரிம்முக்கு வரும். மணிமுத்தாறு ஏறி மாஞ்சோலைக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள் தாழ்த்திய வண்டியில் போகவே வேண்டாம்.

டயரின் பக்கத்தில் இருக்கும் சுமை எண்ணையும் பாருங்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 87 என்றால் 545, 84 என்றால் 500. 205/45 ஆர்17-இல் சாதாரண டயர் 84 தான். கூடுதல் பலம் கொண்டது 88. பழையதைவிடக் குறைந்த எண்ணுக்கு இறங்காதீர்கள்.

மேற்சொன்ன மூன்று அளவில் முதல் இரண்டின் மொத்த விட்டமும் 621 மி.மீ. சுமாரில் ஒன்றுதான், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. அதே 16-இல் 205/55 போட்டால் விட்டம் 632 ஆகிவிடும்; மீட்டர் நூறு காட்டும்போது உண்மை வேகம் கிட்டத்தட்ட 102 இருக்கும், வளைவுக்குள் இடைவெளியும் 5 மி.மீ. குறையும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. உற்பத்தியாளர் குறித்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொல்லிவிட்டது. தாழ்த்துவதும் மட்கார்டைத் தாண்டி நிற்கும் சக்கரமும் சிக்கல் தரக்கூடியவை. இன்சூரன்ஸ் கேட்கும்போதும் இது வந்து நிற்கும். அதே மாடலின் உயர்ரக வண்டிக்குக் கம்பெனியே கொடுத்திருக்கும் ரிம் அளவுக்குள் இருப்பது எல்லா வகையிலும் நல்லது.

‘டக், டக்’ என்று மெதுவான வேகத்தில் தட்டும் சத்தம்

உடனே ஓரங்கட்டுங்கள். நட்டு தளர்ந்திருக்கிறது. புது அலாயில் நட்டு உட்காரும் இடம் ஓட ஓடக் கொஞ்சம் அமுங்கி அமரும். மாட்டிய அன்று இறுக்கமாக இருந்தது பிறகு தளர்வதற்குக் காரணம் அதுதான். நட்டை இறுக்க வேண்டிய அளவு (டார்க்) சிறிய கார்களில் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். சரியான எண் உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கிறது. காற்று கன்னால் மனம்போல் இறுக்கினால் ஸ்டட் நீண்டுபோகும். கன்னால் லேசாகப் பிடித்துவிட்டு, டார்க் ரெஞ்சால் எதிரெதிராக, ‘க்ளிக்’ கேட்கும் வரை இறுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், அண்ணாச்சி ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பிறகு நூறு கிலோமீட்டர் ஓடியதும், சக்கரம் ஆறியிருக்கும்போது, அதே ரெஞ்சால் பதினாறு நட்டையும் மறுபடி தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.